கேள்விகளுக்குப் பதில் அளித்ததற்காக நீதிமன்றப் படியேறியவர்: பாலியல் கல்வியின் முன்னோடி ர.தோ. கர்வே

மும்பை:

உடலைப் பற்றியும் தாம்பத்தியத்தைப் பற்றியும் வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு அறிவியல் அடிப்படையில் பதில் அச்சிட்டதற்காக, 1934-ஆம் ஆண்டில் மும்பையில் ஒரு பத்திரிகை ஆசிரியருக்கு 200 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அவர் பெயர் ரகுநாத் தோண்டோ கர்வே. நீதிமன்றத்தில் அவருக்காக வாதாடியவர் டாக்டர் பி.ஆர். அம்பேத்கர்.

கர்வேயின் தந்தை, இந்தியாவின் உயரிய விருதான பாரத ரத்னா பெற்றவர். தந்தையின் பெயரில் அஞ்சல் தலையும் சாலைகளும் கல்வி நிறுவனங்களும் உண்டு. மகனின் பெயரோ மகாராஷ்டிரத்துக்கு வெளியே பெரும்பாலோருக்குத் தெரியாது. ஆயினும், பள்ளிகளில் பாலியல் கல்வி வேண்டுமா, வேண்டாமா என்ற விவாதம் எழும்போதெல்லாம், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அதே கேள்வியைத் தனி ஒருவராக எதிர்கொண்ட இந்தக் கணிதப் பேராசிரியரின் வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பது அவசியமாகிறது.

கொங்கண் கிராமத்தில் பிறப்பு

இன்றைய மகாராஷ்டிர மாநிலத்தின் கொங்கண் கடற்கரையை ஒட்டிய ரத்னகிரி மாவட்டத்தைச் சேர்ந்தது முருத் கிராமம். அங்கு 1882-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் தேதி ரகுநாத் பிறந்தார். தந்தை தோண்டோ கேசவ் கர்வே, தாய் ராதாபாய். தம்பதியின் மூத்த மகன் அவரே.

ரகுநாத்துக்கு 9 வயதானபோது, 1891-ஆம் ஆண்டில், பிரசவத்தின்போது தாய் ராதாபாய் உயிரிழந்தார். அக்கால இந்தியாவில் இத்தகைய மரணம் அரிதானதல்ல. இளவயதில் திருமணம், அடுத்தடுத்த பிரசவங்கள், மருத்துவ வசதியின்மை ஆகியவற்றால் எண்ணற்ற வீடுகளில் குழந்தைகள் தாயை இழந்தனர்.

அதே 1891-ஆம் ஆண்டில்தான், பெண்ணுடன் உடலுறவு கொள்வதற்கான சட்டபூர்வ குறைந்தபட்ச வயதை 10-லிருந்து 12-ஆக உயர்த்தும் சட்டத்தை ஆங்கிலேய அரசு நிறைவேற்றியது. அந்தச் சிறிய மாற்றத்தைக்கூட, சமயத்தில் அரசு தலையிடுவதாகக் கூறிப் பலர் கடுமையாக எதிர்த்தனர். அந்த எதிர்ப்புக்குத் தலைமை தாங்கிய நகரங்களில் புனேவும் ஒன்று. சிறுவன் ரகுநாத் கல்வி கற்று வளர்ந்ததும் அந்தப் புனேவில்தான்.

சீர்திருத்தவாதியின் இல்லம்

மனைவியை இழந்த தோண்டோ கேசவ் கர்வே, புனேயின் ஃபெர்குசன் கல்லூரியில் கணிதப் பேராசிரியராகப் பணியாற்றினார். 1893-ஆம் ஆண்டில் கோதுபாய் என்ற கைம்பெண்ணை அவர் மறுமணம் செய்துகொண்டார். கைம்பெண் மறுமணத்தைச் சட்டம் 1856-ஆம் ஆண்டிலேயே அனுமதித்திருந்தது என்றாலும், சமூகம் அனுமதிக்கவில்லை. சொந்த ஊரான முருத்தில் அவரது குடும்பத்தின் மீது சமூக விலக்கு விதிக்கப்பட்டது.

அவர் தளரவில்லை. 1896-ஆம் ஆண்டில் கைம்பெண்களுக்கான இல்லத்தைத் தொடங்கினார். அது பின்னர் புனேவை அடுத்த ஹிங்கணேயில் வேரூன்றியது. 1916-ஆம் ஆண்டில் மகளிருக்கான பல்கலைக்கழகத்தை நிறுவினார். மக்கள் அவரை மகரிஷி கர்வே என்று அழைத்தனர்.

சமூகம் ஏற்காத ஒன்றைச் சரியெனக் கருதினால் அதைச் செய்தே தீர வேண்டும் என்பதை ரகுநாத் தம் இல்லத்திலேயே கண்டு வளர்ந்தார். பின்னாளில் அவர் தேர்ந்தெடுத்த பாதை, தந்தையின் பாதையைவிடக் கடினமானதாக அமைந்தது. கைம்பெண் கல்விக்கு நாளடைவில் சமூகத்தின் ஆதரவு கிட்டியது. பாலியல் அறிவுக்கு அத்தகைய ஆதரவு மகனின் வாழ்நாளில் கிட்டவேயில்லை.

கணிதத்திலிருந்து கருத்தடைக்கு

ரகுநாத் படிப்பில் சிறந்து விளங்கினார். 1899-ஆம் ஆண்டு மெட்ரிகுலேஷன் தேர்வில் முதலிடம் பெற்றார். ஃபெர்குசன் கல்லூரியில் பயின்று 1904-ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். தந்தையைப் போலவே கணிதத்தைத் தேர்ந்தெடுத்து, மும்பையின் வில்சன் கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றினார்.

மக்கள்தொகை, தாய்மார் நலம், பால்வினை நோய்கள் ஆகியவை குறித்து அவர் ஆழ்ந்து படிக்கத் தொடங்கினார். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கருத்தடை குறித்த இயக்கங்கள் அப்போதுதான் வேகம் பெற்று வந்தன. 1916-ஆம் ஆண்டில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் மார்கரெட் சாங்கர் தொடங்கிய கருத்தடை மையத்தைக் காவல்துறை சில நாள்களிலேயே மூடியது. அவர் சிறையில் அடைக்கப்பட்டார். 1921-ஆம் ஆண்டில் மேரி ஸ்டோப்ஸ் லண்டனில் ஒரு மையத்தைத் தொடங்கினார்.

அதே 1921-ஆம் ஆண்டில், கர்வே மும்பையில் கருத்தடை ஆலோசனை மையத்தைத் தொடங்கினார். இந்தியாவின் முதல் கருத்தடை மையம் என்று இது பரவலாகக் கருதப்படுகிறது. அரசின் உதவியோ, அமைப்பு எதன் பின்புலமோ அதற்கு இல்லை. கருத்தடை மாத்திரைகள் பயன்பாட்டுக்கு வர இன்னும் 40 ஆண்டுகள் இருந்தன. ரப்பர் உறைகளும், பெண்கள் பயன்படுத்தும் தடுப்புச் சாதனங்களுமே அன்று கிடைத்தவை. அவற்றை எவ்வாறு பயன்படுத்துவது என்று எடுத்துக் கூறவும் நாட்டில் ஆளில்லை.

1923-ஆம் ஆண்டில் சந்ததி நியமன் என்ற மராத்தி நூலை அவர் வெளியிட்டார். கருத்தடை முறைகளை எளிய மொழியில் விளக்கிய நூல் அது. பால்வினை நோய்களிலிருந்து காத்துக்கொள்வது குறித்தும் தனியே எழுதினார். பென்சிலின் புழக்கத்துக்கு வராத காலம் அது. சிஃபிலிஸ் போன்ற நோய்களுக்கு ஆர்செனிக் கலந்த மருந்துகளே சிகிச்சையாக இருந்தன. அவையும் நீண்ட காலம் எடுத்தன, பக்கவிளைவுகளும் கடுமையாக இருந்தன. எனவே, நோய் வருமுன் காக்கும் அறிவே பெரும்பாலோருக்கு எட்டக்கூடிய ஒரே மருந்தாக இருந்தது.

வேலையா, கொள்கையா?

ஸ்காட்லாந்து மதப்பணியாளர் ஜான் வில்சன் 1832-ஆம் ஆண்டில் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது வில்சன் கல்லூரி. அதன் நிர்வாகத்துக்குத் தம் பேராசிரியர் ஒருவர் கருத்தடை குறித்துப் பொதுவெளியில் பேசுவதும் எழுதுவதும் ஏற்புடையதாக இல்லை. பதவி விலகுமாறு கர்வேயிடம் கூறப்பட்டது. அவர் பணியைத் துறந்தார்.

அன்றைய மும்பையில் கல்லூரிப் பேராசிரியர் பதவி என்பது மதிப்பும் நிலையான வருமானமும் தரக்கூடியது. அதை இழந்த பிறகு கர்வேயின் வாழ்க்கை பெரும்பாலும் பொருளாதார நெருக்கடியிலேயே கழிந்தது. அந்நெருக்கடியில் அவருக்கு உறுதுணையாக நின்றவர் மனைவி மாலதி. குழந்தை பெற்றுக்கொள்வதில்லை என்று தம்பதி இருவரும் சேர்ந்தே முடிவெடுத்தனர். மற்றவர்களுக்குக் கூறியதைக் கர்வே தம் இல்லத்திலும் கடைப்பிடித்தார்.

குழந்தைப்பேறே பெண்ணின் வாழ்க்கைக்குப் பொருள் என்று கருதப்பட்ட சமூகத்தில், அந்த முடிவுக்கான விலையைக் கர்வேயைவிட மாலதியே அதிகம் செலுத்தியிருப்பார் என்று கருத இடமுண்டு. கர்வேயின் பணி பற்றிய எந்தப் பதிவும் மாலதியின் பங்கைச் சேர்க்காமல் முழுமை பெறாது.

சமாஜ் ஸ்வாஸ்த்யா: 26 ஆண்டுகள்

1927-ஆம் ஆண்டு ஜூலை மாதம் சமாஜ் ஸ்வாஸ்த்யா என்ற மராத்தி மாத இதழைக் கர்வே தொடங்கினார். சமூக ஆரோக்கியம் என்பது அதன் பொருள். உடல் நலம், மன நலம், கருத்தடை, பால்வினை நோய்கள், திருமணம், ஆண் பெண் சமத்துவம் ஆகியவை அதில் இடம்பெற்றன. இதழை எழுதுவது, தொகுப்பது, வெளியிடுவது, பண நட்டத்தைச் சுமப்பது என அனைத்தும் பெரும்பாலும் அவர் தோளிலேயே விழுந்தன.

இதழின் உயிர்நாடியாக அமைந்தது வாசகர் கேள்வி பதில் பகுதி. பெரும்பாலும் நடுத்தர வர்க்கத்தைச் சேர்ந்த படித்த ஆண்களே அதற்கு எழுதினர். சுயஇன்பத்தால் உடல் கெடுமா, விந்து இழப்பால் வலிமை குறையுமா, தாம்பத்தியத்தில் எது இயல்பு, எது நோய், குழந்தைப்பேற்றைத் தள்ளிப்போடுவது எப்படி என்பன போன்ற கேள்விகள் மாதந்தோறும் வந்தன.

அந்தக் கேள்விகளுக்குப் பின்னால் இருந்தது அச்சம். விந்துவைச் சேமிப்பதே ஆண்மை என்றும், அதை இழந்தால் உடலும் அறிவும் அழியும் என்றும் வீட்டிலும் பள்ளியிலும் மேடைகளிலும் சொல்லப்பட்டு வந்தது. செய்தித்தாள்களில் ஆண்மைக்குறைவு மருந்து விளம்பரங்கள் நிறைந்திருந்தன. தந்தையிடமோ ஆசிரியரிடமோ கேட்க இயலாத இளைஞர், பெயரை மறைத்து ஓர் இதழுக்கு எழுதுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

கர்வே அவர்களைக் கண்டிக்கவில்லை. அறநெறிப் போதனையும் செய்யவில்லை. மருத்துவம் அறிந்தவற்றைச் சுருக்கமாகவும் நேரடியாகவும் கூறினார். சுயஇன்பம் உடலுக்குத் தீங்கல்ல என்றார். உடலுறுப்புகளின் பெயர்களைக் கூறத் தயங்கவில்லை. பெண்ணுக்கும் பாலியல் விருப்பம் உண்டு என்றும், அதை மறுக்கும் உரிமை எவருக்கும் இல்லை என்றும் எழுதினார். பெண் கல்வியை ஆதரித்த சீர்திருத்தவாதிகள் பலர்கூட இந்த இடத்தில் அவருடன் வரவில்லை.

நீதிமன்றத்தில் ஆபாச வழக்கு

எதிர்ப்பு விரைவிலேயே வழக்காக மாறியது. 1931-ஆம் ஆண்டில், திருமணத்துக்குப் புறம்பான உறவு குறித்த கட்டுரை ஒன்றுக்காகக் கர்வே மீது ஆபாச வழக்குத் தொடரப்பட்டது. அவருக்கு 100 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது.

மூன்று ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் வழக்கு. இம்முறை குற்றமாகக் கூறப்பட்டவை வாசகர் கேள்விகளும் அவற்றுக்கு அவர் அளித்த பதில்களும். சுயஇன்பம், தன்பாலின ஈர்ப்பு ஆகியவை தொடர்பான கேள்விகள் அவற்றில் இருந்தன.

கர்வேக்காக வாதாட முன்வந்தவர் அம்பேத்கர். அப்போது அவர் லண்டன் வட்டமேசை மாநாடுகளில் பங்கேற்று, 1932-ஆம் ஆண்டின் புனே ஒப்பந்தத்திலும் கையெழுத்திட்டு, நாடறிந்த தலைவராக உயர்ந்திருந்தார். சாதி ஒழிப்புப் போராட்டத்தின் நடுவே, சமூகத்தின் பெரும்பான்மையினர் முகம் சுளித்த ஒரு வழக்கை அவர் ஏற்றார்.

பாலியல் குறித்து எழுதப்படுவது அனைத்தும் ஆபாசமாகிவிடாது என்பது அம்பேத்கரின் வாதத்தின் சாரம். வாசகர்கள் கேட்கும்போது, அத்துறைக்கென்றே நடத்தப்படும் இதழ் பதில் கூறாமல் எவ்வாறு இருக்க இயலும் என்று அவர் கேட்டார். தன்பாலின ஈர்ப்பு குறித்து, ஆங்கில அறிஞர் ஹாவ்லக் எல்லிஸின் ஆய்வுகளை எடுத்துக்காட்டினார். தவறான எண்ணங்கள் இருக்குமாயின், அவற்றை அகற்றக்கூடியது அறிவு ஒன்றே என்பதும் அவரது நிலைப்பாடு.

நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கர்வேக்கு 200 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது.

அக்காலத்தில் ஆபாச வழக்குகளுக்கு இந்திய தண்டனைச் சட்டத்தின் 292-ஆவது பிரிவே அடிப்படை. எது ஆபாசம் என்பதை முடிவு செய்ய, 1868-ஆம் ஆண்டின் ஹிக்லின் என்ற ஆங்கிலேய வழக்கின் அளவுகோலை நீதிமன்றங்கள் பின்பற்றின. எளிதில் கெடக்கூடிய மனம் படைத்தவரின் கையில் அந்த எழுத்து கிடைத்தால் என்ன ஆகும் என்பதே அந்த அளவுகோல் எழுப்பிய கேள்வி. எழுத்தின் நோக்கம், அதனால் விளையும் பொது நன்மை ஆகியவற்றுக்கு அதில் போதிய இடமில்லை. சுதந்திர இந்தியாவிலும் நெடுங்காலம் நீடித்த அந்த அளவுகோலை உச்ச நீதிமன்றம் 2014-ஆம் ஆண்டில்தான் கைவிட்டது. கர்வே தண்டிக்கப்பட்டு அப்போது 80 ஆண்டுகள் ஆகியிருந்தன.

எதிர்ப்பு பல திசைகளில்

கர்வேயை எதிர்த்தவர்கள் பழமைவாதிகள் மட்டுமல்லர். காந்தியடிகள் செயற்கைக் கருத்தடை முறைகளை ஏற்கவில்லை. தன்னடக்கமே வழி என்று அவர் வலியுறுத்தினார். 1935-ஆம் ஆண்டின் இறுதியில் வார்தாவில் அவரைச் சந்தித்த மார்கரெட் சாங்கராலும் அக்கருத்தை மாற்ற இயலவில்லை. நாடே தலைவராக ஏற்றவரின் கருத்துக்கு மாறாகப் பேசும் துணிவு அன்று மிகச் சிலருக்கே இருந்தது.

எனினும் கர்வே முற்றிலும் தனித்து விடப்படவில்லை. 1930-ஆம் ஆண்டில் மைசூர் சமஸ்தானம் அரசின் சார்பிலேயே கருத்தடை மையங்களைத் திறந்தது. சென்னை மாகாணத்தில் பெரியார் ஈ.வெ. ராமசாமி, குடி அரசு இதழின் வழியாகக் கருத்தடையை ஆதரித்து எழுதி வந்தார். மக்கள்தொகைக் குறைப்பைவிடப் பெண்ணின் விடுதலையையே அவர் முதன்மைக் காரணமாகக் கொண்டார். மும்பை சட்டமன்றத்தில் 1938-ஆம் ஆண்டு, அம்பேத்கரின் சுதந்திரத் தொழிலாளர் கட்சி கருத்தடைக்கு ஆதரவான தீர்மானத்தைக் கொண்டு வந்தது, அது தோல்வியடைந்தது.

உறவினரான சகுந்தலா பராஞ்ச்பே, கர்வேயின் பணியால் ஈர்க்கப்பட்டுக் குடும்பக் கட்டுப்பாட்டுப் பணியில் இறங்கியவர்களில் ஒருவர். பின்னாளில் மாநிலங்களவை உறுப்பினரான அவருக்கு 1991-ஆம் ஆண்டில் பத்ம பூஷண் விருது வழங்கப்பட்டது.

வரம்புகளும் உண்டு

கர்வேயின் பணிக்கு வரம்புகளும் இருந்தன. அவரது இதழ் சென்றடைந்தது பெரும்பாலும் எழுத்தறிவு பெற்ற நடுத்தர வர்க்கத்தையே. மும்பையின் நூற்பாலைகளில் உழைத்த பெண்களும், ஊரகப் பெண்களும் அதன் எல்லைக்கு வெளியே இருந்தனர். கேள்வி கேட்டவர்களுள் பெண்கள் மிகச் சிலரே. அக்காலத்தில் உலகெங்கும் கருத்தடை இயக்கங்களில் கலந்திருந்த இனமேம்பாட்டுக் கருத்துகளின் சாயலையும் ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டுகின்றனர். இதழின் அட்டையில் இடம்பெற்ற நிர்வாணப் படங்கள், அவரது நோக்கத்தை ஏற்றவர்களையும் சங்கடத்தில் ஆழ்த்தின.

இவை அனைத்தையும் கருத்தில் கொண்ட பின்னரும் ஒன்று எஞ்சுகிறது. கேட்கப்படும் கேள்விக்கு உண்மையான பதில் தர வேண்டும் என்பதில் அவர் எந்நாளும் பின்வாங்கவில்லை. இரண்டாம் முறை தண்டிக்கப்பட்ட பிறகும் இதழ் நிற்கவில்லை. கேள்வி பதில் பகுதியும் நிற்கவில்லை.

இறுதி ஆண்டுகள்

1952-ஆம் ஆண்டில் சுதந்திர இந்திய அரசு தேசிய குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. அத்தகைய திட்டத்தைத் தேசிய அளவில் தொடங்கிய முதல் நாடு இந்தியா. 31 ஆண்டுகளுக்கு முன் கர்வே தம் சொந்த முயற்சியில் தொடங்கிய பணி, இப்போது அரசின் கொள்கையாகியிருந்தது.

அதற்கு அடுத்த ஆண்டு, 1953 அக்டோபர் 14-ஆம் தேதி, கர்வே காலமானார். அவருக்கு அப்போது வயது 71. சமாஜ் ஸ்வாஸ்த்யா இதழும் அவ்வாண்டு நவம்பர் மாதத்துடன் நின்றது.

தந்தை அப்போது உயிருடன் இருந்தார். மகன் மறைந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 1958-ஆம் ஆண்டில், நூறு வயதை எட்டிய மகரிஷி கர்வேக்கு பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது. அவர் 1962-ஆம் ஆண்டில் 104 வயதில் மறைந்தார். ஒரே இல்லத்திலிருந்து புறப்பட்ட இரண்டு சீர்திருத்தவாதிகளில் ஒருவரை நாடு கொண்டாடியது, மற்றவரை மறந்தது. ரகுநாத்தின் வாழ்க்கையைத் தழுவி இயக்குநர் அமோல் பாலேகர் எடுத்த தியாஸ்பர்வ என்ற மராத்தித் திரைப்படம் 2001-ஆம் ஆண்டில் வெளிவந்த பிறகே, புதிய தலைமுறையினர் பலர் அவரைப் பற்றி அறிந்தனர்.

இன்றைய இந்தியாவில்

அரசு கருத்தடையை ஏற்றுக்கொண்டது. ஆனால் கர்வே வலியுறுத்திய மற்றொரு பாதி, அதாவது இளைஞர்களுக்கு உரிய வயதில் உடலைப் பற்றியும் உறவுகளைப் பற்றியும் அறிவு தருவது, இன்றும் தயக்கத்துடனேயே அணுகப்படுகிறது.

2005-ஆம் ஆண்டில், எச்.ஐ.வி. பரவலைத் தடுக்கும் நோக்குடன் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை மத்திய அரசு பள்ளிகளில் அறிமுகப்படுத்தியது. பாடநூல்களில் இருந்த படங்களும் விளக்கங்களும் இந்தியப் பண்பாட்டுக்கு ஏற்றவையல்ல என்று எதிர்ப்பு எழுந்தது. 2007-ஆம் ஆண்டில் பல மாநிலங்கள் அத்திட்டத்துக்குத் தடை விதித்தன. கர்வே பிறந்து, வாழ்ந்து, அபராதம் செலுத்திய மகாராஷ்டிரமும் அவற்றில் ஒன்று. 2009-ஆம் ஆண்டில் மாநிலங்களவையின் மனுக்கள் குழுவும் பள்ளிகளில் பாலியல் கல்வி கூடாது என்று பரிந்துரைத்தது. பின்னர் திருத்தப்பட்ட பாடங்களுடன் திட்டம் சில இடங்களில் தொடர்ந்தது. 2020-ஆம் ஆண்டில் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் கீழ்ப் பள்ளி நல்வாழ்வுத் திட்டம் தொடங்கப்பட்டது. ஆயினும் வகுப்பறையில் அப்பாடம் முழுமையாக நடத்தப்படுவது பெரிதும் ஆசிரியரின் துணிவையும் பள்ளியின் மனநிலையையும் பொறுத்தே அமைகிறது.

இந்தியாவில் 10 முதல் 19 வயது வரையிலானோர் ஏறத்தாழ 25 கோடி பேர். அவர்களது அறியாமைக்கான விலையை அரசின் புள்ளிவிவரங்களே காட்டுகின்றன. 2007-ஆம் ஆண்டில் மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்ற குழந்தைகளில் 53 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஏதேனும் ஒரு வடிவில் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகத் தெரிவித்திருந்தனர். தனக்கு நேர்ந்தது என்ன என்பதைக் கூறும் சொல்லே தெரியாத குழந்தையால் உதவி கேட்க இயலாது. 2012-ஆம் ஆண்டின் போக்ஸோ சட்டம் கடுமையான தண்டனைகளை வகுத்துள்ளது. ஆனால் புகார் எழுந்தால்தான் சட்டம் செயல்பட முடியும்.

2019-21 காலகட்டத்தில் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 20 முதல் 24 வயது வரையிலான பெண்களில் 23.3 சதவீதத்தினர் 18 வயதுக்கு முன்பே திருமணமானவர்கள். எச்.ஐ.வி. குறித்து முழுமையான அறிவு பெற்றவர்கள், 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 21.6 சதவீதத்தினரும் ஆண்களில் 30.7 சதவீதத்தினருமே.

அறிவு கெடுக்குமா?

பாலியல் கல்வி அளித்தால் இளைஞர்கள் தவறான வழியில் செல்வார்கள் என்பது 1934-ஆம் ஆண்டு வழக்கின் பின்னணியில் இருந்த அச்சம். இன்றைய பெற்றோரிடமும் அதே அச்சம் உள்ளது. அது அக்கறையிலிருந்து பிறப்பது என்பதால், அதைப் புறந்தள்ளிவிட இயலாது. சான்றுகளைக் கொண்டே பதிலளிக்க வேண்டும்.

2018-ஆம் ஆண்டில் திருத்தி வெளியிடப்பட்ட யுனெஸ்கோவின் வழிகாட்டு நெறிமுறைகள், பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தன. முழுமையான பாலியல் கல்வியால் இளைஞர்களிடையே பாலுறவு அதிகரிப்பதில்லை என்று அவை முடிவுக்கு வந்தன. முதல் உறவு தள்ளிப்போவதற்கும், கருத்தடைச் சாதனங்களின் பயன்பாடு கூடுவதற்கும் அத்தகைய கல்வி உதவக்கூடும் என்பதும் தெரியவந்தது. தன்னடக்கத்தை மட்டுமே போதிக்கும் திட்டங்கள் அத்தகைய பயனைத் தரவில்லை.

முழுமையான பாலியல் கல்வி என்பது உடலுறவு குறித்த பாடம் மட்டுமன்று. சிறு குழந்தைக்கு அது, தன் உடலை மற்றவர் தொடுவதில் எது சரி, எது தவறு என்று அறிவது. பத்து வயதுச் சிறுமிக்கு, மாதவிடாய் வருமுன்பே அதைப் பற்றி அறிந்திருப்பது. வளரிளம் பருவத்தினருக்கு, உடல் மாற்றங்கள், ஒப்புதல், மறுக்கும் உரிமை, பிறரின் மறுப்பை மதித்தல், நோய்த் தடுப்பு, சட்டப் பாதுகாப்பு ஆகியவற்றைக் கற்பது. ஒவ்வொரு வயதுக்கும் ஏற்ற அளவில், ஏற்ற சொற்களில் கற்பிக்கப்படுவதே அதன் அடிப்படை.

2024-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், குழந்தைகள் தொடர்பான ஆபாசப் படங்கள் குறித்த வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பாலியல் கல்வி மேற்கத்தியக் கருத்து என்று எண்ணுவது தவறான புரிதல் என்று குறிப்பிட்டது. முழுமையான பாலியல் கல்வித் திட்டங்களை நடைமுறைப்படுத்துவது குறித்து மத்திய அரசு பரிசீலிக்கலாம் என்றும் அது யோசனை தெரிவித்தது. 90 ஆண்டுகளுக்கு முன் மும்பை நீதிமன்றத்தில் அம்பேத்கர் முன்வைத்த வாதத்துக்கு அருகில் நாட்டின் உயரிய நீதிமன்றம் வந்து சேர்ந்திருக்கிறது.

கர்வே காலத்து இளைஞருக்குப் பதில் தர ஓர் இதழேனும் இருந்தது. இன்றைய இளைஞர் அதே கேள்வியைக் கைப்பேசியில் தேடுகிறார். அங்கு அவருக்குக் கிடைப்பவற்றில் ஆபாசப் படங்களும், போலி மருத்துவர்களின் விளம்பரங்களும், அரைகுறைத் தகவல்களும் உண்டு. கேள்வி எழுவதை எவராலும் தடுக்க முடியவில்லை. அதற்குப் பதில் கூறப்போவது யார் என்பதை மட்டுமே வீடும் பள்ளியும் முடிவு செய்ய இயலும்.

பேராசிரியர் பதவியையும் சேமிப்பையும் இழந்து, இரு முறை அபராதம் செலுத்தி, 26 ஆண்டுகள் கர்வே அந்தப் பொறுப்பை ஏற்றிருந்தார். பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் வயதுக்கேற்ற பாடநூல்களும் ஒவ்வொரு பள்ளியையும் சென்றடையும் நாளில்தான், அவர் தொடங்கி வைத்த பணியின் மறுபாதி நிறைவு பெறும்.